ஆட்டோ போன பிறகும் தெருவில் நின்ற குரல்

பொற்கடல் மருத்துவமனையின் இலவசத் தொண்டைப் பரிசோதனை முகாமைப் பற்றித் தூத்துக்குடியின் கடலோரத்து ஏழு தெருக்களுக்கும் சொல்லி முடித்துவிட்டு, புதன்கிழமை பகல் பன்னிரண்டேகாலுக்கு ஸ்பீக்கர் கட்டிய ஆட்டோ சாப்பாட்டுக்குத் திரும்பிப் போனது, குரல் போகவில்லை. சங்குக்காரத் தெரு முக்கில், பூட்டிக் கிடந்த சைக்கிள் கடைக்கு முன்னால், ஆள் உயரத்துக்கு இரண்டு முழம் மேலே அது தன்பாட்டுக்கு நின்றுகொண்டு, "அன்பார்ந்த பெரியோர்களே, தாய்மார்களே, வருகின்ற ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணி முதல்" என்று கணீரென்று சொல்லிக்கொண்டே இருந்தது. நெத்திலி காயப்போட்டுக்கொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்து பார்த்தார்கள், ஆட்டோவைக் காணோம், கம்பத்தில் ஸ்பீக்கர் குழாயையும் காணோம், சரி இருக்கட்டும் என்று மறுபடி குனிந்துகொண்டார்கள். மூன்று மணிக்குக் குரல் முகாமை விட்டுவிட்டு மூச்சு வாங்கியது. நாலு மணிக்கு, "அன்பார்ந்த தாய்மார்களே, மேற்கே கருத்துக்கொண்டு வருகின்ற காரணத்தினால், தங்கள் நெத்திலியை உடனடியாக அள்ளிக்கொள்ளுமாறு மிகவும் தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறோம்" என்றது. அள்ளினார்கள். நாலேகாலுக்குப் பிடித்தது மழை.

அது யார் குரல் என்று யாரும் யாரையும் கேட்கவில்லை. மைக் அண்ணாச்சி என்று ஊர் கூப்பிடுகிற பரமார்த்தலிங்கத்தின் குரலை அங்கே கைக்குழந்தைக்கும் தெரியும். இருபத்திரண்டு வருஷமாகத் தேர்தலுக்கும் சர்க்கஸுக்கும், திருவிழாவில் காணாமல் போன பிள்ளைகளுக்கும், பொற்கடல் மருத்துவமனையின் முகாம்களுக்கும் அவர்தான் மைக்கைப் பிடித்தவர். அந்த அண்ணாச்சி இப்போது அதே மருத்துவமனையின் மூன்றாவது மாடியில், 308-ஆம் அறையில் படுத்திருக்கிறார் என்பதும், ஒன்பது நாளைக்கு முன்னால் தொண்டையில் வளர்ந்ததைக் குரல்வளையோடு சேர்த்து எடுத்துவிட்டார்கள் என்பதும், இப்போது கழுத்தில் இருக்கிற துளை வழியாகத்தான் மூச்சு என்பதும்கூட ஊருக்குத் தெரியும். அதற்கும் இதற்கும் ஒரு முரணும் ஊர் பார்க்கவில்லை. "ஆளு லீவுல இருக்காரு, கொரலு டூட்டிக்கு வந்திருக்கு" என்றார் டீக்கடைக்காரர். ஆமா அதானே என்று டீயைக் குடித்தார்கள்.

அந்தக் குரல் யார் வாயிலிருந்து புறப்பட்டது என்பது ஜெசிந்தாவுக்கு மட்டும் தெரியும், ஏனென்றால் அது அவள் வாய்.

பத்தொன்பது வயது, விஷுவல் கம்யூனிகேஷன் இரண்டாம் வருஷம், பொற்கடல் மருத்துவமனையின் மார்க்கெட்டிங் பிரிவில் ஒரு மாதப் பயிற்சிக்கு வந்தவள். கேண்டீன் ஸ்டோர் ரூமுக்குப் பக்கத்து அறையில் உட்கார்ந்துகொண்டு, டாக்டர்களைச் சுவரோரமாகக் கை கட்டி நிற்கவைத்துப் படம் பிடிப்பதும், இதய தினம், சிறுநீரக தினம் என்று ஒவ்வொரு உறுப்புக்கும் ஒரு தினமாகப் போஸ்டர் எழுதுவதும், ஃபிளெக்ஸ் அடிக்கிறவரிடம் போனில், "அண்ணே, எம்.டி. தலைய வெட்டிராதீங்க" என்று கெஞ்சுவதும் அவள் வேலை. வேலை போக மிச்ச நேரத்தில் அவள் எல்லாராகவும் இருந்தாள். இரண்டாம் நாளே லிஃப்ட் பேசுகிற மாதிரி பேசினாள். மூன்றாம் நாள் எம்.டி.யின் இருமல் வந்துவிட்டது. நான்காம் நாள் கேண்டீனுக்குப் போன் போட்டு, எம்.டி. குரலில், "ஏம்ப்பா, வடையில ஓட்டை ஏன் இவ்வளவு பெருசா இருக்கு?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டுவிட்டு வைத்தாள், அந்த வாரம் முழுக்க வடையில் ஊசி நுழைகிற அளவுக்குத்தான் ஓட்டை இருந்தது, உள்ளே வேகவும் இல்லை.

அந்தப் பிரிவுக்கு மேனேஜர் திருவாழி சார். டை கட்டிய மனிதர், கடவுள் நம்பிக்கை கிடையாது, சம்மதப் படிவத்தில்தான் நம்பிக்கை. நோயாளியின் படத்தை வெளியே போடுவதென்றால் முதலில் படிவத்தில் கையெழுத்து. அந்தப் படிவத்தில் பன்னிரண்டு கட்டம்: முகம், கை, கால், தையல், எக்ஸ்ரே என்று தனித்தனியாக. ஒருமுறை யாரோ ஒரு தாத்தாவின் முழங்கை போஸ்டர் ஓரத்தில் விழுந்துவிட்டதென்று, அந்தத் தாத்தாவைத் தேடிக் குலசேகரன்பட்டினம் வரைக்கும் பஸ்ஸில் போய் முழங்கைக்குக் கையெழுத்து வாங்கிவந்தவர் அவர். "கையெழுத்து இல்லாம இந்த ஆஸ்பத்திரியிலருந்து ஒரு நகக்கண்ணு வெளிய போகக் கூடாதும்மா" என்பார்.

அப்படிப்பட்டவரே முகாம் நெருங்க நெருங்க அவள் மேசைக்கு வந்து நின்றார். "அண்ணாச்சி சொல்லலைன்னா எவனும் வரமாட்டான் ஜெசிந்தா. போன வருசம் ஒரு தடவ மெட்ராஸ்லருந்து ஒரு பொம்பளைப் புள்ள குரல வாங்கிப் போட்டோம். சோப்பு விக்க வந்திருக்காகன்னு தெருவே கதவச் சாத்திட்டுது." சொல்லிவிட்டு அவளைப் பார்த்தார். அவளும் பார்த்தாள். வடை சமாசாரம் அவருக்குத் தெரிந்தே இருக்கிறது என்பது அந்தப் பார்வையில் அவளுக்கு விளங்கியது. ஸ்டோர் ரூமில் போர்வையைத் தலையோடு போர்த்திக்கொண்டு, முகாம் அறிவிப்பை அண்ணாச்சி குரலில் ஒரே மூச்சில் சொல்லி, ஆட்டோவுக்காகப் பதிவு செய்து முடித்தாள். அண்ணாச்சி 'வருகின்ற' என்பதை ஏற்றி 'ஞாயிற்றுக்கிழமை'யை இறக்குகிற அந்த இறக்கம்கூட அச்சாக விழுந்தது. திருவாழி சார் கைதட்டினார். 308-ஆம் அறை மூன்று மாடிக்கு மேலேதான் இருந்தது, லிஃப்டும் ஓடிக்கொண்டுதான் இருந்தது; ஆனாலும் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வருவோம் என்று இரண்டு பேருக்கும் தோன்றவில்லை. படிவத்தில் குரலுக்குக் கட்டம் இல்லை.

குரல் ஊரில் தங்கியது. வியாழக்கிழமை காலையிலேயே சங்குக்காரத் தெருவில் அதற்கென்று ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை வேப்பமர நிழலில் போட்டுவிட்டார்கள். வெள்ளிக்கிழமை அடுத்த தெருக்காரர்கள் வந்து, ஒரே இடத்தில் வைத்துக்கொண்டால் எப்படி என்று பேசி, காலையில் இங்கே, பகலில் அங்கே, சாயங்காலம் கடற்கரைப் பக்கம் என்று முறை வைத்தார்கள், குரலும் முறை தவறாமல் போய்வந்தது. வீட்டுக்குள் மட்டும் அது வராது, வாசலோடு சரி. குக்கர் விசில் அடித்தால் பேச்சை நிறுத்தி, திரும்பவும் 'அன்பார்ந்த'விலிருந்து தொடங்கும். ரேஷன் கடையில் வரிசையைக் கூப்பிட்டது, தண்ணீர் லாரி எந்தத் திருப்பத்தில் வருகிறது என்று சொன்னது, தொட்டிலில் அழுத பிள்ளையிடம், "அன்பார்ந்த குழந்தையே, தாங்கள் தயவுகூர்ந்து உறங்குமாறு" என்றது, பிள்ளையும் இவ்வளவு மரியாதையை அதற்கு முன்னால் கேட்டிராததால் வாயைப் பிளந்தபடி உறங்கிப்போனது. சாக்கடைத் தண்ணீருக்காக நாலு வருஷம் பேசாதிருந்த இரண்டு வீடுகளுக்கு நடுவில் போய் நின்று, இரண்டு பக்கத்து ஞாயத்தையும் ஏழு தெருவுக்கும் கேட்கிற மாதிரி விவரமாக எடுத்துச்சொன்னது. வெட்கம் தாங்காமல் இரண்டு வீட்டுக்காரர்களும் அன்றைக்கே குழாய் போட்டுவிட்டார்கள். கவுன்சிலர் வந்து தன்னைப் பற்றி நாலு வார்த்தை சொல்லச் சொன்னபோது மட்டும், "நேரமின்மை காரணமாக" என்று சொல்லி முடித்துக்கொண்டது.

ஞாயிற்றுக்கிழமை முகாமுக்கு அறுநூற்றுப் பதினோரு பேர் வந்து வாயைத் திறந்து காட்டினார்கள். திருவாழி சார், அடுத்தது இதய முகாம் என்று அன்றைக்கே போஸ்டருக்குச் சொல்லிவிட்டார்.

திங்கட்கிழமை காலையில் ஒரு ஒயர்கூடையோடு ஒரு அம்மாள் அந்த அறை வாசலில் வந்து நின்றாள். அண்ணாச்சியின் மனைவி செல்லக்கனி.

"மார்க்கெட்டிங்னா இதானா?"

"ஆமா பெரியம்மா, உக்காருங்க."

"உக்கார நேரமில்ல. எங்க வீட்டு அவுக கொரலு தெரு தெருவா சுத்துதுல்லா, அது விசயமா எங்க எழுதிக் குடுக்கணும்?" கூடையைக் கீழே வைத்தாள். "நேத்து எங்க வாசலுக்கும் வந்துச்சு. அடுப்ப அப்படியே போட்டுட்டு ஓடியாந்து நிக்கேன். என்னைப் பாத்து, 'அன்பார்ந்த தாய்மார்களே'ங்குது. முப்பத்தொரு வருசம் குடும்பம் நடத்தின மனுசன் கொரலு, என்னைத் தாய்மாருங்குது! நான் என்ன ஊருக்குத் தாயா?"

ஜெசிந்தாவுக்குச் சிரிப்பு வந்தது, வந்த வேகத்திலேயே போய்விட்டது.

"வெள்ளிக்கிழம டிஸ்சார்ஜ். இனிமே சத்தம் வராதும்மான்னு டாக்டர் சொல்லிட்டாரு. உசுரு கெடச்சிருக்கு, போதும்னு மனசத் தேத்திக்கிட்டேன். தேத்தின மறுநாளு இது வந்து தெருவுல நிக்கி. ஊருல உள்ள நெத்திலிக்கெல்லாம் பேசுது. வீட்டுல என்னை எப்படிக் கூப்பிடுவாகளோ அப்படி ஒருக்கா, ஒரே ஒருக்கா கூப்பிட்டுட்டு அது எங்க வேணும்னாலும் போவட்டும்."

சாதாரண நாளாக இருந்தால் செல்லக்கனி அந்தப் பக்கம் போனதும் ஜெசிந்தா இந்தப் பக்கம் செல்லக்கனியாகியிருப்பாள். அன்றைக்கு நாக்கு எழும்பவில்லை. "பெரியம்மா, அது நான் பேசினது" என்றாள்.

செல்லக்கனி அவளை மேலிருந்து கீழே பார்த்தாள். "நீயா? இத்தனூண்டு இருக்க?"

"ம்."

"அவுககிட்ட கேட்டியா?"

"இல்ல."

செல்லக்கனி கூடையை எடுத்துக் கையில் மாட்டிக்கொண்டாள். பிறகு, "சரி, அப்ப நீயே அதுகிட்ட சொல்லு. வீட்டுக் கொரல்ல பேசச் சொல்லு" என்றாள்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் ஆட்டோக்கார ஷாகுல் அண்ணனைக் கூட்டிக்கொண்டு, செல்லக்கனியையும் ஏற்றிக்கொண்டு, ஜெசிந்தா சங்குக்காரத் தெருவுக்குப் போனாள். பிளாஸ்டிக் நாற்காலிக்கு முன்னால் நின்று, "இந்தா நிக்காங்கள்ல, இவங்களக் கூப்பிடு. வீட்டுல கூப்பிடுற மாதிரி" என்றாள். குரல் யோசித்தது. தொண்டையைச் செருமிக்கொண்டது. பிறகு ஏழு தெருவும் அதிர, "செல்லக்கனி என்கின்ற பெண்மணி, பச்சை நிறச் சேலை அணிந்தவர், எங்கிருந்தாலும் உடனடியாக மேடைக்கு அருகில் வருமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார், அவருடைய உறவினர்கள் இங்கே காத்துக்கொண்டிருக்கிறார்கள்" என்றது.

பாவம், அதற்குத் தெரிந்தது அவ்வளவுதான். ஜெசிந்தா கேட்டிருந்தது மைக் அண்ணாச்சியைத்தானே தவிர, சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டுவிட்டுப் பேசுகிற பரமார்த்தலிங்கத்தை அவள் ஒருநாளும் கேட்டதில்லை. கேட்காத குரலை எப்படிச் செய்வது?

ஆனால் தெரு கேட்டுக்கொண்டிருந்தது. நெத்திலிப் பெண்கள் கையை உதறிக்கொண்டு எழுந்தார்கள். "கட்டின பொண்டாட்டியக் காணாமப் போன புள்ள மாதிரி கூப்பிடுது, இதுக்கு நாற்காலி ஒரு கேடா?" என்று ஒருத்தி நாற்காலியைத் தூக்கி வீட்டுக்குள் போட்டாள். "போ, போயி வீட்டுல எப்படிப் பேசணும்னு படிச்சிட்டு வா" என்றாள் இன்னொருத்தி. அதற்குப் பிறகு ஏழு தெருவிலும் யாரும் அதனிடம் பேசவில்லை. 'அன்பார்ந்த' என்று அது தொடங்கினால், எல்லா வீட்டிலும் ஒரே நேரத்தில் மிக்ஸியைப் போட்டார்கள். குரல் ரேஷன் கடைக்குப் போனது, கடற்கரைக்குப் போனது, கடைசியில் ஷாகுல் அண்ணனின் ஆட்டோவுக்குப் பின்னாலேயே வந்து, மருத்துவமனையின் மூன்றாவது மாடியில், 308-ஆம் அறை ஜன்னலுக்கு வெளியே, ஏ.சி. பெட்டிக்குப் பக்கத்தில் ஒண்டிக்கொண்டது.

புதன்கிழமை ஜெசிந்தா அந்த அறைக்குள் போனாள். கையில் ஒரு சம்மதப் படிவம்; பன்னிரண்டு கட்டத்துக்குக் கீழே பேனாவால் தானே ஒரு கட்டம் போட்டு, பக்கத்தில் 'குரல்' என்று எழுதியிருந்தாள். அண்ணாச்சி கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார், பக்கத்தில் செல்லக்கனி இருந்தாள். மடியில் எழுதி அழிக்கிற சிறுபிள்ளைச் சிலேட்டு. அவள் நடந்ததை எல்லாம் சொன்னாள், வடையையும் சேர்த்தே சொன்னாள். அவர் கேட்டுவிட்டு எழுதினார்: 'முகாம்னு சொன்ன பிறகு ஒரு மூச்சு விடணும். நீ விடல.'

"சரிங்க அண்ணாச்சி."

அழித்தார். எழுதினார்: 'என்னைக் கேக்கணும்னு தோணல?'

"தோணல. தோணியிருக்கணும்." அவள் படிவத்தை நீட்டினாள். "வேண்டாம்னாலும் போடலாம். நீங்க என்ன போடுறீங்களோ அதான். நான் இங்க வந்தது இதுக்கு மட்டும் இல்ல. வீட்டுல நீங்க எப்படிப் பேசுவீங்கன்னு தெரியணும். பெரியம்மாவுக்காக."

அண்ணாச்சி சிலேட்டைத் துடைத்தார். பிறகு எழுதினார்: 'எனக்கெப்படித் தெரியும்? கேட்டது அவதானே.'

இரண்டு பேரும் செல்லக்கனியைப் பார்த்தார்கள். அவள் ஃபிளாஸ்கைத் துடைத்துக்கொண்டிருந்தாள். "என்ன, என்னைப் பாக்கிய?"

"பெரியம்மா, பெரியப்பா மாதிரி பேசிக் காட்டுங்க."

"சீ, போட்டீ. ஆசுபத்திரியில வச்சு."

"வீட்டுல வச்சு செஞ்சிருக்கீங்கள்ல?"

செல்லக்கனிக்குக் கன்னம் குழிந்தது. கதவைப் பார்த்தாள், புருஷனைப் பார்த்தாள், அவர் கண்ணை மூடித் திறந்தார். முந்தானையை இழுத்துச் செருகினாள், மோவாயை உள்ளே இழுத்தாள், வயிற்றை எக்கினாள். "ஏட்டி கனீ," என்றாள், மூக்கும் தூக்கமும் கலந்த ஒரு தாழ்ந்த குரலில், "என் கண்ணாடிய எங்கட்டி வச்ச?" சொல்லிவிட்டுத் தன் குரலில், "நெத்தியில இருக்கும், அத வச்சிக்கிட்டே வீடு பூரா தேடுவாக" என்றாள்.

அண்ணாச்சிக்குத் தோள் குலுங்கியது. சத்தமில்லாத சிரிப்பு கழுத்துத் துளை வழியாகப் புஸ்ஸென்று வந்தது. அவ்வளவுதான், செல்லக்கனி நிற்கவில்லை. போதும் போதும் என்று சொல்லிக்கொண்டே இலையை முன்னால் நகர்த்துகிற பரமார்த்தலிங்கம், கட்டிலில் படுத்துக்கொண்டே போனில், "பாலத்துக்கிட்ட வந்துட்டேன் அண்ணாச்சி" என்று புளுகுகிற பரமார்த்தலிங்கம், சண்டை போட்டுவிட்டுச் சமாதானத்துக்கு வழி தெரியாமல், "மோட்டார் போட்டாச்சா?" என்று சுவரைப் பார்த்துக் கேட்கிற பரமார்த்தலிங்கம், குளிக்கும்போது பாதிப் பாட்டோடு மறந்துபோகிற பரமார்த்தலிங்கம் என்று முப்பத்தொரு வருஷத்துச் சரக்கை அந்தச் சின்ன அறையில் இறக்கிவைத்தாள். ஜெசிந்தா வாயைத் திறந்தபடி உட்கார்ந்திருந்தாள். தன்னைவிடப் பெரிய ஆளை அன்றைக்குத்தான் அவள் பார்த்தாள். ஜன்னலுக்கு வெளியே குரல் மூச்சுக்கூட விடவில்லை.

பிறகு, அன்பார்ந்த என்று தொடங்காமல், யாரையும் தாழ்மையுடன் கேட்டுக்கொள்ளாமல், அது மெதுவாகச் சொன்னது: "ஏட்டி கனீ."

செல்லக்கனியின் கை ஃபிளாஸ்க் மூடியிலேயே நின்றது.

அப்போதுதான் நர்ஸ் பி.பி. பார்க்கும் கருவியோடு உள்ளே வந்தாள். "பேஷன்ட் பேசக் கூடாதுன்னு எத்தனை தடவ சொல்றது?"

"அவுக பேசலம்மா" என்றாள் செல்லக்கனி, கண்ணைத் துடைத்துக்கொண்டு. "ஜன்னல்தான் பேசுது."

"அப்ப சரி" என்று பி.பி.யை எழுதிவிட்டு நர்ஸ் போனாள்.

அண்ணாச்சி படிவத்தை எடுத்தார். ஜெசிந்தா வரைந்திருந்த கட்டத்தில் 'இல்லை' என்று எழுதி, கீழே முழுப்பெயரோடு கையெழுத்துப் போட்டார். அதைக் கீழே கொண்டுபோய் ஜெசிந்தா திருவாழி சாரின் மேசையில் வைத்தாள். அந்த மேசையில் இதய முகாமின் அறிவிப்பு, அண்ணாச்சி குரலில் சொல்வதற்காகவே எழுதி, தயாராகக் கிடந்தது. திருவாழி சார் படிவத்தை இரண்டு தரம் படித்தார். டையைத் தளர்த்தினார். "அறுநூத்திப் பதினோரு பேரு" என்றார் தனக்குத்தானே. பிறகு பெருமூச்சு விட்டு, "இல்லைன்னு எழுதியிருக்கே. அப்ப வெளிய விடக் கூடாது" என்று ஃபைலில் கோர்த்தார். மறுவாரம் அச்சடித்த எல்லாப் படிவத்திலும் பதின்மூன்று கட்டம் இருந்தது.

வெள்ளிக்கிழமை ஷாகுல் அண்ணனின் ஆட்டோ 308-ஆம் அறைக்காரர்களை ஏற்றிக்கொண்டு ஏழு தெரு வழியாகவும் போனது, குரல் பின்னாலேயே ஒன்றும் பேசாமல் வந்தது. மிக்ஸிகளை நிறுத்திவிட்டுப் பெண்கள் வாசலுக்கு வந்து நின்றார்கள். நாற்காலியைத் தூக்கிப் போட்டவளே, "இனிமே நம்மள யாரு அன்பார்ந்தன்னு கூப்பிடப்போறா" என்று சொல்லி மூக்கைச் சிந்தினாள். வீட்டு வாசலில் குரல் பழக்கப்படி நின்றுவிட்டது. "உள்ள வாங்க" என்றாள் செல்லக்கனி, புருஷனைப் பார்த்தல்ல. அது நிலைப்படியில் ஒருமுறை தயங்கி, உள்ளே போனது.

பயிற்சியின் கடைசி நாளான மறு சனிக்கிழமை ஜெசிந்தா அவர்களைப் பார்க்கப் போனாள். குரல் வீட்டுக்குப் பழகியிருந்தது. ஆனால் செல்லக்கனி நடித்துக் காட்டினதை மட்டுமே அது திரும்பத் திரும்பச் சொன்னது. "கண்ணாடிய எங்கட்டி வச்ச?" என்று அது கேட்கும், கட்டிலில் இருக்கிற அண்ணாச்சி, பஸ்ஸை விட்டவர் மாதிரி அவசர அவசரமாக அதற்குப் பின்னால் உதட்டை அசைப்பார். ஒரு சொல் பிந்தித்தான் எப்போதும் வாய். "வாயும் சத்தமும் ஒட்டாத படம் மாதிரி இருக்கு" என்று செல்லக்கனி சிரித்தாள். சிரித்தாலும், ஒவ்வொரு தடவையும் அவர் தோற்றுப்போய் வாயை மூடுவதை அவள் பார்க்காமல் இருக்கவில்லை. முறத்தில் அரிசியைப் போட்டுக்கொண்டு கீழே உட்கார்ந்து புடைக்கத் தொடங்கினாள்.

கொஞ்ச நேரம் வீட்டில் முறத்தின் சத்தம் மட்டும்தான். அண்ணாச்சி ஜன்னல் வழியாக எதையோ பார்த்துக்கொண்டிருந்தார். பார்த்தவர், வாயைத் திறந்தார். குரல் ஒன்றும் சொல்லியிருக்கவில்லை. அவர் உதடு மட்டும் அசைந்தது, அசைந்து முடித்தது, அறையில் ஒன்றும் கேட்கவில்லை. ஜெசிந்தா மூச்சைப் பிடித்துக்கொண்டாள். ஒரு ஆள் வாசலிலிருந்து கட்டில் வரைக்கும் நடந்து வருகிற நேரம் ஆயிற்று.

"எதுத்த வீட்டு முருங்கை பூத்திருக்கு, பாத்தியா?" என்றது குரல்.

"அது நாலு நாளா பூத்துக் கெடக்கு" என்று முறத்திலிருந்து தலையைத் தூக்காமலேயே செல்லக்கனி பதில் சொன்னாள். சொல்லி, இரண்டு கல்லைப் பொறுக்கி ஓரமாகப் போட்ட பிறகுதான் அவள் கை நின்றது.